பகலில் ஆளில்லாத வீடு

பச்சியப்பன் மாட்டிய மீட்டர்கள் நாற்பத்து மூன்று. கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகிற சாலையில், மலையை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கல்லூரியில் அவர் பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீசியன். வகுப்புக் கட்டடம், இரண்டு விடுதி, மெஸ், பஸ் ஷெட், ஊழியர் குடியிருப்பு என்று கரண்டு போகிற இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கொம்பு. ஆபீசுக்கும் அதற்கும் நடுவில் வயர் கிடையாது. எந்தக் கட்டடம் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றிலேயே சொல்லி அனுப்பும். தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கிற பெரிய கொம்பு அதை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள் இரண்டு பெட்டியை மாட்டிக் காட்டிவிட்டு, கல்லூரி மெஸ்ஸில் மூன்று நாள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் நாற்பத்தொன்றை மாட்டியது பச்சியப்பன்தான். ஆனாலும் அவர் கணக்கில் அது நாற்பத்து மூன்று. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவரும் அவர்தானே.

ஆபீசில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் மலர்விழி. கட்டடத்துக்கு ஒரு கோடு. கோடு பச்சையாக இருந்தால் ஒன்றுமில்லை, சிவப்பாக மாறினால் எஸ்டேட் ஆபீசர் ஆரோக்கியராஜ் சாரிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேலை. கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் பச்சியப்பன் ஒருவர்தான். டீ டம்ளரோடு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"பாரு மலரு, கிடுகிடுன்னு ஏறி அப்படியே பலகையாட்டம் நிக்குதா? இருவது நிமிசம் நின்னு சடார்னு எறங்குதா? இது தண்ணி காய வெக்கிற ராடு. பசங்க ஆஸ்டல்ல எவனோ வாளில போட்டுக்கறான்."

"அப்ப இதுண்ணா? ஏறி ஏறி எறங்குதே?"

"அது அயன்பாக்ஸு. சூடாவும், நிக்கும், சூடாவும், நிக்கும். இன்னிக்கு எவனுக்கோ இன்டர்வியூ."

போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். இப்படி நான்கு கரண்ட் அடுப்பு, ஆறு ராடு, துணை வார்டன் ஒளித்து வைத்திருந்த ஒரு ஹீட்டர் எல்லாம் பிடிபட்டன. "பச்சியப்பனுக்குத் தெரியாம செல்லுக்குக்கூட சார்ஜ் போட முடியாதுடா" என்று பையன்கள் சொன்னார்கள். அதில் பாதி வசவு என்பது அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி குள்ளம்மாளிடம் அதையும் பெருமையாகவே சொன்னார். மெஸ்ஸில் காலையிலிருந்து நானூறு பேருக்கு வெங்காயம் உரித்துவிட்டு வந்தவள், "அந்தக் கோட்டப் பாத்து என் இடுப்பு வலி எப்ப எறங்கும்னு சொல்லுங்க" என்றாள்.

வைகாசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கத்திரி வெயில் முடியவில்லை. அன்று சாயங்காலம் இருவரும் வேலை முடிந்து வந்தபோது, சி-நாலு என்று எழுதிய அவர்கள் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லில் மகள் சோபனா உட்கார்ந்திருந்தாள். மடியில் பதினைந்து நாள் குழந்தை. இங்கே பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பிரசவத்தைப் புருஷன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் செருப்பில்லை.

"என்னாம்மா, ஒண்டியா வந்துக்கற?" என்றார் பச்சியப்பன்.

"கேட்டுல யாரும் பாக்கலப்பா. உள்ள போயி பேசலாம்."

குள்ளம்மாள் குழந்தையை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்திய பிறகுதான் சோபனா வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு தொட்டில் போடறாங்க. போட்டு எடுத்து அவரோட அக்கா மடியில போடப் போறாங்களாம்."

"யாரு சொன்னது?"

"அவருதான் சொன்னாரு. அக்காவுக்கு பன்னெண்டு வருசமா புள்ள இல்ல, பாவம், நமக்கு இன்னொன்னு பொறக்காமயா போவுதுன்னாரு. கோவமாக்கூட சொல்லலப்பா. சோறு துன்னுக்கிட்டே சொன்னாரு."

அவர்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பங்காளிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது குழந்தையை ஒருத்தி மடியில் போட்டுவிட்டால் அது அந்த மடிக்குச் சொந்தம். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. திருப்பிக் கேட்டால் கேட்டவள்தான் பொல்லாதவள். கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்த மருமகன் மாதேஸ்வரன் குடிக்கிறவன் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. தாயில்லாத அவனை, இப்போது அரூரில் இருக்கிற அக்காதான் வளர்த்தாள். அக்கா கேட்டால் கிட்னியைக்கூடக் கொடுப்பான். இப்போது அவள் குழந்தையைக் கேட்டிருந்தாள்.

"நான் குடுக்க மாட்டம்ப்பா" என்றாள் சோபனா. அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை.

ஓசூரில் கம்பெனியில் இருக்கிற மகன் கலைவாணனுக்குப் போன் போட்டார்கள். அவன் ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பேசி வைத்திருப்பதாகவும், ஒன்றாம் தேதி காலியாகும் என்றும் சொன்னான். "ஒன்னாந்தேதி காலைல நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கறேன். அதுவரைக்கும் வெளிய தெரியாம பாத்துக்கங்கப்பா. ஓசூர் வந்துட்டா அப்புறம் வக்கீலப் பாக்கலாம்."

ஒன்றாம் தேதிக்குப் பதினான்கு நாள் இருந்தது.

வெளியே தெரியாமல் பார்ப்பது அங்கே லேசுப்பட்ட காரியம் இல்லை. குடியிருப்பில் கட்டிக்கொடுத்த மகள் தங்குவதென்றால் ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆபீசில் எழுதினால் வாசலில் உட்கார்ந்திருக்கிற டிரைவர் பெரியண்ணனுக்குத் தெரியும். பெரியண்ணன் மாதேஸ்வரனுக்குச் சித்தப்பா முறை. இந்தச் சம்பந்தமே அவர் பேசி முடித்ததுதான். அவருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் கம்பைநல்லூருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மாதேஸ்வரனும் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் கல்லூரி கேட்டுக்கே வந்துவிட்டார்கள். பச்சியப்பன் கையில் டெஸ்டரோடு வந்து நின்று, "எம் பொண்ணு எங்கன்னு நானில்ல உங்களக் கேக்கணும்? பச்ச ஒடம்புக்காரிய தொலைச்சுட்டு இங்க வந்து கேக்கறீங்களா?" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் மாதேஸ்வரனே அரண்டுபோனான். பெரியண்ணன்தான் நடுவில் புகுந்து, "வுடுங்க சம்மந்தி, பெங்களூர்ல அவங்க பெரியம்மா வூட்டுக்குப் போயிருக்கும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். வாழ்நாளில் பச்சியப்பன் அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னது அன்றுதான்.

மனிதர்களை ஏமாற்றிவிட்டார். மீட்டரை என்ன செய்வது?

இருவரும் காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினால் திரும்ப நான்கு மணிக்கு மேல் ஆகும். அதுவரை சி-நாலு ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடும். அதற்கு மேல் என்ன ஓடினாலும் கோடு சொல்லிவிடும். வெயிலில் வெந்த ஓட்டு வீட்டில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பச்சை உடம்புக்காரி ஃபேன் இல்லாமல் இருக்க வேண்டும்.

"நாங்க வர வரைக்கும் எதையும் போடக்கூடாது. லைட்டு, ஃபேனு, செல்லு சார்ஜரு, எதுவும். புரிஞ்சுதா?" என்றார் மகளிடம்.

"பொழுதன்னிக்கும் எப்படிங்க?" என்றாள் குள்ளம்மாள். "கொழந்தைக்கு கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து தோலு உரியுது."

"நோட்டு அட்டையால விசிறிக்கட்டும். பதினாலு நாளுதான?"

பத்தரை மணிக்கு மெஸ்ஸில் டீ நேரம். குள்ளம்மாள் "மாத்திரை போட்டுட்டு வரேன்" என்று கிளம்பி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். கேஸ் அடுப்பில் வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, மகளை உட்கார வைத்து இடுப்பில் ஊற்றுவாள். வெந்நீர் ஊற்றாமல் விட்டால் உடம்பு ஊதிவிடும் என்று அவளுக்குப் பயம். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால் மேல் கிடத்திக் குளிப்பாட்டுவாள். குழந்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் குழாயைத் திறந்து விடுவாள், வெளியே சத்தம் கேட்காமல் இருக்க. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைப்பாள், பால்சுறாக் கருவாடு போடுவாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் ஒருநாள், "என்னாக்கா, தெனமும் பூண்டு வாசன ஆளத் தூக்குது?" என்று கேட்டதற்கு, "எனக்கு வாய்வு" என்றாள். "எனக்குந்தான் வாய்வு. எங்க வூட்ல எவன் பூண்டு வாங்கித் தரான்" என்று செல்லம்மாள் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் பச்சியப்பன் மலர்விழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடுதிக் கோட்டைப் பார்க்கிற சாக்கில் சி-நாலைப் பார்த்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் ஓடுவதும் நிற்பதுமாகக் கோடு சீராகப் போயிற்று. இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் மட்டும் அதன் மேல் ஒரு சின்ன மேடு. அரிசிப் பருமன்கூட இல்லை. அது ஃபேன். மூன்றாம் நம்பரில் ஓடியிருக்கிறது. அரைமணி நேரம் குழந்தை தூங்கியிருக்கிறது. பேத்தியின் தூக்கத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்த தாத்தா அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவருக்கு மனம் வரவில்லை, பயம்தான் வந்தது.

சாயங்காலம் வந்து மகளைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணிக்கு ஃபேன் போட்டியா?"

சோபனா நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிப்பா தெரியும்?"

"போட்டியா இல்லியா?"

"வீல்வீல்னு கத்துச்சுப்பா. சத்தம் வெளிய கேட்டுடும்னுதான் போட்டேன். காத்து பட்டதும் தூங்கிடுச்சு."

"உன் ஒருத்தி கையில மூணு பேரு தலை இருக்குது. சொன்னா புரியாதா?"

மறுநாள் காலை கிளம்பும்போது அவர் மெயின் போர்டைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய வீடு, மொத்த வீட்டுக்கும் ஒரே பீஸ் கட்டை. ஃப்ரிட்ஜ் ஒரு முறை குலுங்கி நின்றது. கோடு இனி தரையோடு கிடக்கும், எதையும் சொல்லாது என்று அவர் நினைத்தார்.

சோபனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள். "புள்ளைய எடுத்துக்கறோம்னு அவங்க சொன்னாங்க. புள்ளைக்கு காத்த எடுத்துக்கறேன்னு நீங்க சொல்றீங்க" என்றாள்.

பச்சியப்பன் போர்டை மூடிவிட்டுக் கிளம்பினார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் கோபம்தான் வருகிறது. ஃபேன் வயரை மட்டும் கழற்றியிருக்கலாம். எத்தனையோ செய்திருக்கலாம். பத்தொன்பது வருடம் கரண்டோடு பழகிய ஆளுக்கு, பயம் வந்ததும் பீஸைப் பிடுங்குவது ஒன்றுதான் தோன்றியது. சுவரில் எங்கேயாவது பொறி பறந்தால் முதலில் செய்கிற காரியம் அது.

அப்படி நான்கு நாள் ஓடியது. மாவு பத்து மணிக்கே புளித்துப் பொங்கியது. பால் திரிந்தது. சாமைச் சோறுகூட மாலைக்குள் நூல்விட்டது. குள்ளம்மாள் ஈரத் துணியைக் குழந்தையின் தொட்டில் மேல் போட்டுவிட்டு வருவாள். தண்ணீர் காய்ந்ததும் துணி முறுகிக் கிடக்கும். சோபனாவின் கை அட்டையை விசிறி விசிறி வீங்கிவிட்டது. ஒரு கை ஓய்ந்தால் மறு கை. பகலெல்லாம் அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள், கை மட்டும் விசிறிக்கொண்டிருக்கும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள் என்று சுவரில் நகத்தால் கீறி வைத்திருந்தாள்.

பீஸைப் பிடுங்கிய ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மலர்விழி பச்சியப்பனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க. உங்க வூட்டுக் கோடு செவப்பாயிருச்சு."

ஓடினார். திரையில் மற்றதெல்லாம் பச்சை. சி-நாலு மட்டும் சிவந்து கிடந்தது.

"தெனமும் ஆறு அம்பதுக்கு மொத்தமா செத்துப்போவுது, நாலு பத்துக்கு திரும்ப உசுரு வருது. யாரோ கையால மாத்தற மாதிரி இருக்குதாம். மீட்டருக்கு முன்னாலயே கரண்டு தட்டி எடுக்கறாங்கன்னு பெங்களூர்லருந்தே போன் வந்துச்சுண்ணா."

"இந்த மாதிரி எப்பவும் வராதே?"

"போன வாரம் கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு புரோகிராம் ஏத்திவுட்டாங்களாம். ஆளு வரவேயில்ல, அங்கருந்தே ஏத்திட்டாங்க. ஆளு குடியிருக்கிற வூட்ல சுத்தமா ஓடாமப் போனா செவப்பு காட்டுமாம்."

பச்சியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கு முந்தி ஒருநா, ரெண்டு மணிக்கு ஒரு சின்ன மேடு இருந்துச்சே. அத யாராச்சும் கேட்டாங்களா?"

"எந்த மேடு?" மலர்விழி பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவர் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "இதா? இது என்னாண்ணா?"

"ஃபேனு. மறந்து நிறுத்தாம வந்துட்டோம்."

"ஐயோ, ஃபேனெல்லாம் யாருண்ணா பாக்கறாங்க? நீங்க சொல்லாட்டி எனக்கு அப்படி ஒன்னு இருக்கறதே தெரியாது."

அந்த மேட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த வளாகத்திலேயே அவர் ஒருவர்தான். அவர் பயந்தது அவருடைய கண்ணுக்குத்தான்.

ஆரோக்கியராஜ் சார் கூப்பிட்டார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். எந்தச் சண்டையானாலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். அதனால்தான் பச்சியப்பன் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

"என்ன பச்சியப்பன், ஊர் மீட்டரையெல்லாம் பார்க்கறீங்க, உங்க மீட்டருக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நான்தாங்க சார் பீஸ புடுங்கி வெச்சுட்டு வரேன். வயரு பழசுங்க, ஆளில்லாதப்ப எதுக்குன்னு."

"அவ்வளவுதானே? நான் அப்பவே சொன்னேன், நம்ம பச்சியப்பன் அப்படியெல்லாம் செய்ய மாட்டாருன்னு." அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். "வாங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். உள்ள வயரிங்க ரெண்டு போட்டோ எடுத்து அனுப்பிட்டா கம்பெனிக்காரங்க வாய மூடிக்குவாங்க. வயரு பழசுன்னா இன்னைக்கே மாத்திடுவோம். பெரியண்ணா, வண்டிய எடுங்க."

வாசலில் பெரியண்ணன் சாவியைச் சுழற்றியபடி எழுந்தார்.

"சாயந்திரமா வாங்க சார். வூட்டுக்காரி சாவிய எடுத்துட்டுப் போயிட்டா."

"மெஸ்ல வாங்கிக்கலாம். பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும், மேனேஜ்மென்ட் வரைக்கும் போயிடுச்சு."

பச்சியப்பன் வாசல்படியை மறித்து நின்றார். தப்பு செய்யவில்லை என்றால் வீட்டைத் திறந்து காட்ட வேண்டும். தப்பு செய்தேன் என்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"போவ வேணாங்க சார். நான் பொய் சொல்லிட்டேன். நான்தான் தட்டி எடுத்தேன்."

"என்னது?"

"மீட்டருக்கு முன்னாலருந்து லைன் எடுத்து வெச்சுக்கறேன். இன்னிக்கே கழட்டிடறேன்."

ஆரோக்கியராஜ் சார் தொப்பியைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "ஏன்யா? எத்தனை ரூபா மிச்சமாகும் உனக்கு?" பத்தொன்பது வருடத்தில் அவர் பச்சியப்பனை ஒருமையில் பேசியது அப்போதுதான்.

"ஆசைங்க சார்."

மலர்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தாள் கொடுத்தார்கள். திருடினேன் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போகும் என்பது தெரிந்துதான் போட்டார். வீடும் வேலையோடு சேர்ந்தது என்பது பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. பயந்த மனிதன் அடுத்த அடியைப் பார்ப்பதில்லை. அவரை என்னவென்று திட்டுவது, பாவம்.

ஒருமணி நேரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஆரோக்கியராஜ் சார் கெஞ்சிக் கூத்தாடிப் போலீஸ் இல்லாமல் செய்துவிட்டார். நாளை மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நாளை மாலை வரை நேரம் இருந்தது. விடியற்காலை ஐந்தரை பஸ்ஸில் குள்ளம்மாளையும் மகளையும் ஏற்றி அனுப்பிவிடலாம், ஓசூரில் யார் வீட்டிலாவது நான்கைந்து நாள் ஒண்டிக்கொள்ளலாம். பச்சியப்பன் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பீஸ் கட்டையைச் செருகினார். ஃபேன் கிறீச்சென்று சுற்ற ஆரம்பித்தது. சோபனா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். மெஸ்ஸில் சேதி தெரிந்து பின்னாலேயே குள்ளம்மாள் ஓடிவந்தாள்.

"திருடன்னா எழுதிக் குடுத்தீங்க? என்னாத்த திருடினீங்க? ஒரு ஃபேனுகூட போடாம வெந்து கெடக்கறோமே, என்னாத்த திருடினீங்க?"

"மெதுவா பேசு."

"இனி என்னா மெதுவு?" தலையில் அடித்துக்கொண்டாள். "நானூறு பேருக்கு சோறு போட்ட கை. அந்த மெஸ்ஸு மேஸ்திரி என்னப் பாத்து சிரிக்கிறான்."

அவள் அழுகை ஓய்வதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கல்லூரி வேன். பெரியண்ணன் இறங்கி வந்தார்.

"சம்மந்தி, சார்தான் அனுப்பிச்சாரு. நாளைக்கு வேனு கேள்வித்தாள் எடுக்கப் போவுதாம். உங்களுக்கு வண்டி வாடகை எதுக்குன்னு இப்பவே சாமான ஏத்திக்கச் சொன்னாரு. மனுசன் கண்ணு கலங்கிட்டாரு."

பச்சியப்பன் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றார். "வேணாங்க. நாங்களே நாளைக்கு பாத்துக்கறோம்."

"என்னா பேசறீங்க? எல்லாரும் தப்பு பண்றதுதான். ஊருக்கு வெக்கப்பட்டா ஆவுமா? நவுருங்க, அந்த பீரோவ ஒத்த ஆளா தூக்கிடுவீங்களா?"

"சொல்றன்ல, வேணாம்!"

உள்ளே குழந்தை அழுதது.

பச்சைக் குழந்தையின் அழுகை வேறு எதுவாகவும் கேட்காது. பெரியண்ணன் அப்படியே நின்றார். பிறகு பச்சியப்பனின் தோளை லேசாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். சுவரோரம் சோபனா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். "வாங்க மாமா" என்றாள், பழக்கத்தில்.

அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். கண் நிஜமாகவே நிறைந்துவிட்டது அவருக்கு. "எங்க அண்ணன் மூக்கு. அப்படியே இருக்குது. இதுக்காம்மா இத்தன கஷ்டப்பட்டீங்க? சொந்தத்துல ஒருத்தி அழுதுக்கிட்டு கெடக்கறா. புள்ள எங்க போவப் போவுது? கம்பைநல்லூர்லருந்து அரூருக்குத்தான போவுது. நெனச்சப்ப போயி பாத்துக்கலாம்."

"அண்ணா" என்று குள்ளம்மாள் அவர் காலில் விழுந்தாள். "நீங்க பாக்கவே இல்லன்னு நெனச்சுக்கங்கண்ணா. காலைல நாங்க போயிடறோம்."

"எந்திரி தங்கச்சி, என்னா இது. நான் மறைச்சேன்னு நாளைக்குத் தெரிஞ்சா பங்காளிங்க மொகத்துல முழிக்க முடியுமா? மறைவாக்கூட பேசல, உங்க முன்னாலயே பேசறேன். நல்லதுக்குத்தான் பேசறேன்."

அங்கேயே நின்று போன் போட்டார். "மாதேசு, புள்ளைங்க ரெண்டும் நல்லாக்குது. சம்மந்தி வூட்லதான். ஆமா. நீ அரூர்லயா இருக்கற? அக்காவும் கூடவா? அப்ப அப்படியே வாங்க. சத்தம் கித்தம் போடக்கூடாது, சொல்லிட்டேன்."

பிறகு பீரோவைத் தூக்க ஒரு ஆளைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வேனைத் திருப்பி நிறுத்திவிட்டு அதன் நிழலிலேயே நின்றுகொண்டார். கேட்டுக்குப் போகிற வழி அது ஒன்றுதான்.

பச்சியப்பன் கலைவாணனுக்குப் போன் போட்டார். ஷிஃப்டில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போட்டார். பொம்மிடியில் சவாரியில் இருப்பதாகவும், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றும் அவர் சொன்னார். மூன்றாவதாக யாருக்குப் போடுவது என்று தெரியாமல் போனின் பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"போதும்ப்பா" என்றாள் சோபனா. "அரூர்லருந்து எவ்வளவு நேரம் ஆவும்?"

"என்னாது?"

"அவங்க வர. எவ்வளவு நேரம் ஆவும்?"

பச்சியப்பன் யோசித்தார். "வண்டில வந்தா அரைமணி நேரம்."

"அப்ப இன்னொரு தடவ பால் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

குழந்தை இப்போதுதான் குடித்திருந்தது. அதற்குப் பசியில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டது. சோபனா அதன் கன்னத்தை விரலால் தட்டித் தட்டி, "குடிடி, குடிடி கண்ணு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.